டாப்பெட் சத்தமும் தேய்ந்த கேமும்: ஆல்டர் செய்த எஞ்சினின் ஹெட்டைப் படிக்கும் முறை

கேமும் ராக்கரும் தேய்ந்த எஞ்சினுக்குப் புதுக் கேமும் புது ராக்கரும் வாங்கிப் போடுவது எளிது. 60,000 கிலோமீட்டர் ஓடிய ஸ்பிளெண்டருக்கு அது போதும். வயதாகித் தேய்ந்தது, மாற்றியாயிற்று. போரைப் பெரிதாக்கி, கேமை மாற்றி, ஸ்பிரிங்கை விறைப்பாக்கிய எஞ்சின் 4,000 கிலோமீட்டரிலேயே அந்த நிலைக்கு வந்தால் கதை வேறு. எது தேய்த்ததோ அது இன்னும் உள்ளேயே இருக்கிறது. புதுப் பாகத்தையும் அடுத்த 4,000 கிலோமீட்டருக்குள் தின்றுவிடும். ஆகவே தேய்ந்த பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடுமுன் அதன் மேல் உள்ள தடத்தைப் படியுங்கள். எந்த இடத்தில், எந்த விதமாகத் தேய்ந்திருக்கிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது.

நம் பக்கத்துப் பட்டறைகளில் வேகம் கூட்டும் கலையைப் பலர் டூ ஸ்ட்ரோக்கில்தான் கற்றார்கள். யமஹா ஆர்எக்ஸ் 100 1985 முதல் 1996 வரை தயாரான வண்டி. அதில் போர்ட்டை அரத்தால் ராவி உயர்த்தி, சைலன்ஸரை மாற்றினால் எஞ்சின் கூடுதல் சுற்று சுற்றும். ஹெட்டில் திறந்து மூட வால்வே இல்லாததால் அந்தக் கூடுதல் சுற்றுக்கு அங்கே யாரும் விலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதே 1985இல்தான் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. 1994இல் ஸ்பிளெண்டர், 2001இல் பல்சர். பட்டறைக்கு வரும் வண்டிகள் மாறின. கையின் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் எவ்வளவு சுற்றலாம் என்பதற்கு எல்லை போடுவது வால்வு ஸ்பிரிங். எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போது கேம் 4,000 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏறக்குறைய 67 முறை திறந்து மூடுகிறது. இதை 10,000 ஆக்கினால் சுற்று கால் பங்குதான் கூடுகிறது. வால்வையும் ராக்கரையும் அசைக்கத் தேவைப்படும் விசையோ ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது, ஏனென்றால் அது சுற்றின் வர்க்கத்தோடு ஏறுகிறது. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பெரும்பகுதி தானாகப் புரியும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் இருக்கிறது. பெரிய போர் போட்ட எஞ்சினுக்கு உரிய இடம் பந்தயத் தளம். வாடிக்கையாளரிடம் இதை வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

"அண்ணே, டாப்பெட் அடிக்குது, கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க" என்றபடியே வண்டி உள்ளே வரும். உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். ஹெட்டில் சத்தம் தரக்கூடியவை நான்கைந்து இருக்கின்றன. அவற்றில் டாப்பெட் ஒன்று.

நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து, முனையை முதலில் டாப்பெட் மூடியிலும் பிறகு டைமிங் செயின் ஓடும் பக்கத்திலும் பிளக்குக்கு அருகிலும் வைத்துக் கேளுங்கள். டாப்பெட் சத்தம் சீரான, மெல்லிய தட்டல். கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டு. செயின் தளர்ந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை விடும் கணத்தில் சரசரவென்று கலைந்த ஓசை வரும். குளிரில் பலமாகக் கேட்டு, சூடேறியதும் அடங்கும் மந்தமான தட்டு பெரும்பாலும் பிஸ்டனுடையது. பெரிய போர் போட்ட எஞ்சினில் இடைவெளி கூடுதலாக விட்டிருந்தால் இது சகஜம். விறைப்பான ஸ்பிரிங் போட்ட எஞ்சினில் டைமிங் செயினும் டென்ஷனரும் கூடுதல் சுமையைத் தாங்குகின்றன. அதனால் செயின் தளர்ந்து டைமிங் பின்தங்குவதும் கேம் தேய்வதும் சேர்ந்தே வரும். ஒன்றைக் கண்டவுடன் மற்றதைத் தேடாமல் விடாதீர்கள்.

சத்தம் இல்லை என்பதும் நற்சான்று ஆகாது. இடைவெளி குறைந்துகொண்டே வரும் எஞ்சின் நாளுக்கு நாள் அமைதியாகும்; ஒருநாள் எக்ஸாஸ்ட் வால்வு கருகி கம்ப்ரெஷன் போய்விடும். என்னைக் கேட்டால் தட்டுகிற எஞ்சினைவிடத் திடீரென்று அமைதியான எஞ்சினுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

பிரிப்பதற்கு முன்

வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இடைவெளியை அளந்து எழுதுங்கள். அட்ஜஸ்ட் செய்த பிறகு எழுதுவதில் பயன் இல்லை. கடைசியாக எந்த அளவில் வைத்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்ற வித்தியாசம்தான் தேவை. பழைய ஹோண்டா வகை 100 சிசி எஞ்சின்களில் இந்த இடைவெளி 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கும். மற்ற வண்டிகளுக்கு அந்தந்தக் கையேட்டைப் பாருங்கள். கேமைச் செதுக்கி வாங்கியிருந்தால் செதுக்கியவர் சொன்ன அளவையே வைக்க வேண்டும், ஏனென்றால் கேமின் ஏறு தொடக்கத்தில் உள்ள மெல்லிய சரிவு மாறியிருக்கும்.

இடைவெளி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? நோயை இரண்டாகப் பிரிக்கும் கேள்வி இதுதான். கூடியிருந்தால் தேய்ந்தது கேமுக்கும் வால்வு நுனிக்கும் நடுவில்: கேம், ராக்கரின் பட்டை, ராக்கர் ஷாஃப்ட், அட்ஜஸ்டர் திருகு, வால்வு தண்டின் நுனி. குறைந்திருந்தால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது, அல்லது வால்வின் தலை இழுபட்டிருக்கிறது. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே அளவு கூடியிருந்தால் எண்ணெய் போன்ற பொதுக் காரணம். ஒன்று மட்டும் கூடியிருந்தால் அந்தப் பாகத்தின் குறை.

ஃபீலர் கேஜ் இங்கே ஏமாற்றக்கூடும். ராக்கர் பட்டையிலோ அட்ஜஸ்டர் முனையிலோ குழி விழுந்திருந்தால் தகடு குழியின் இரு கரைகள் மேல் பாலமாக நிற்கும். குழிக்குள் இருக்கும் ஆழம் கணக்கில் வராது. தகடு 0.05 சரியாக இருக்கிறது என்று சொல்லும், எஞ்சினோ தட்டிக்கொண்டே இருக்கும். இப்படி அளவும் சத்தமும் ஒத்துப்போகாவிட்டால் டயல் கேஜை ராக்கரின் வால்வுப் பக்கத்து முனையில் வைத்து, கையால் அசைத்துப் பாருங்கள்.

அடுத்தது விசாரணை. போர் கிட் எந்தக் கிலோமீட்டரில் போட்டது, கேம் எங்கே செதுக்கியது, எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியது, ஏர் பாக்ஸை எடுத்துவிட்டுக் கோன் ஃபில்டர் போட்டிருக்கிறதா, சிடிஐ மாற்றிச் சுற்று எல்லையை உயர்த்தியிருக்கிறதா, வண்டி பெரும்பாலும் எங்கே ஓடுகிறது. கடைசிக் கேள்வியைச் சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது. மேலூர்ப் பக்கம் கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓடும் வண்டிக்கும், கப்பலூரிலிருந்து நான்கு வழிச் சாலையில் விருதுநகர் வரை ஒரே வேகத்தில் போய்வரும் வண்டிக்கும், மாசி வீதிகளில் முதல் இரண்டு கியரிலேயே ஊர்ந்து திரியும் வண்டிக்கும் ஹெட்டுக்குள் விழும் தடம் வேறு வேறு.

எண்ணெய் மேலே போகிறதா

முன்கூட்டிய தேய்மானத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எண்ணெய். டாப்பெட் மூடியைக் கழற்றிவிட்டு ஐடிலில் ஓட விடுங்கள். சற்று நேரத்தில் ராக்கர் மேல் எண்ணெய் நனைந்து தெறிக்கத் தொடங்க வேண்டும். வறண்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டுப் பாதையைத் தேடுங்கள்.

இந்த எஞ்சின்களில் எண்ணெய் பெரும்பாலும் சிலிண்டர் ஸ்டட் ஒன்றைச் சுற்றிய துளை வழியாகத்தான் ஹெட்டுக்கு ஏறுகிறது. போர் கிட் போடும்போது அந்தப் பாதை கெடுவதற்கு வழிகள் பல. பெரிய போருக்கு வெட்டிய ஹெட் கேஸ்கெட்டில் எண்ணெய்த் துளை சிறிதாகவோ இடம் தள்ளியோ இருக்கும். டவல் பின்னைப் போடாமலே பூட்டியிருப்பார்கள். பேஸ் கேஸ்கெட்டில் அனபாண்டைத் தாராளமாகப் பூசினால், இறுக்கும்போது பிதுங்கும் பசை துளைக்குள் போய்க் காய்ந்துவிடும். பசை நல்ல பொருள்தான்; வழவழப்பான பரப்பில் மெல்லிய படலமாக இருந்தால் போதும். துளையைச் சுற்றி 3 மி.மீ. விட்டுத் தடவுங்கள், பூட்டுமுன் துளைக்குள் காற்று ஊதிப் பாருங்கள்.

ஆயிலை வடிக்கும்போது வெள்ளைத் துணி வழியாக வடியுங்கள். துணியில் தங்கும் பொடியைக் காந்தத்தால் தொட்டால், ஒட்டுவது கேம், ராக்கர், செயின் இவற்றின் இரும்பு. ஒட்டாமல் வெள்ளையாக மினுங்குவது அலுமினியம். பிஸ்டனிலிருந்தோ, கேம் நேரடியாக ஹெட்டிலேயே சுழலும் வடிவமாக இருந்தால் அந்த இருக்கையிலிருந்தோ வந்திருக்கும். மஞ்சளாக இருந்தால் புஷ்ஷையும் கைடையும் பாருங்கள்.

எந்த ஆயில் என்ற பட்டிமன்றத்தில் பெட்ரோல் பங்கு வாசலில் பாதி நாள் போய்விடும். நம் வண்டிகளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே நனைகிறது. ஆகவே ஜேஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை உள்ள மோட்டார் சைக்கிள் ஆயில் வேண்டும். கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கலாம். புதிய தரத்துக் கார் ஆயில்களில் கேம் முனையைக் காக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மமும் குறைத்திருப்பார்கள். தடிமனைப் பொறுத்தவரை, 10டபிள்யூ-30 என்று கையேடு சொன்னாலும், காற்றில் குளிரும் எஞ்சினில் போரைப் பெரிதாக்கி, ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி வெயிலில் ஓட்டினால் ஒரு படி தடித்த ஆயிலே என் தேர்வு. 20டபிள்யூ-50 அளவுக்குப் போனால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேமுக்கு எண்ணெய் ஏறத் தாமதமாகும் என்பதையும் மறக்க வேண்டாம். கையேட்டில் சொன்ன மாற்று இடைவெளியைப் பாதியாக்குங்கள். ஒரு லிட்டர் ஆயிலைவிடக் கேம் விலை அதிகம்.

கேமில் மூன்று இடங்கள்

கேமைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: உச்சியில் உள்ள முனை, ஏறும் இறங்கும் சரிவுகள், வால்வு மூடியிருக்கும்போது ராக்கரின் எதிரே வரும் அடிவட்டம்.

முனை மழுங்கியிருந்தால் "அதிக வேகத்தில் முறுக்கியிருக்கிறார்கள்" என்று முடிவு கட்டுவது வழக்கம். பெரும்பாலும் இது நேர்மாறான முடிவு. அதிகச் சுற்றில் வால்வின் சொந்த வேகமே அதைத் திறக்கும் திசையில் தள்ளுவதால் முனையில் அழுத்தம் குறைகிறது; சரிவுகளில்தான் கூடுகிறது. ஐடிலில் அந்த உதவி கிடையாது. ஸ்பிரிங்கின் முழு விசையும் முனை மேலேயே உட்கார்ந்திருக்கும். அதே நேரம் எண்ணெய் பம்பும் மெதுவாகச் சுற்றுகிறது, உலோகங்களுக்கு நடுவே எண்ணெய்ப் படலம் உருவாகும் அளவுக்கு முனையில் வேகமும் இல்லை. சித்திரைத் திருவிழா நாட்களில் கோரிப்பாளையத்துக்கும் தல்லாகுளத்துக்கும் நடுவே, வெயில் ஏறிய பிறகு முதல் கியரில் நின்று நின்று நகரும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டம் இல்லை, ஆயில் நீராய் இளகியிருக்கிறது, ஸ்பிரிங் விறைப்பு. விறைப்பான ஸ்பிரிங் போட்ட கேமுக்கு நெடுஞ்சாலையைவிட இதுதான் கொடியது. முனையில் மட்டும் தேய்ந்து, பளபளப்போடு நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் ஸ்பிரிங் விறைப்பையும் எண்ணெயையும் தேடுங்கள்.

இறங்கும் சரிவில் அடிபட்ட குழிகளும் குறுக்குத் தழும்புகளும் இருந்தால் அதிகச் சுற்றுதான் குற்றவாளி. ஸ்பிரிங்கால் வால்வைப் பிடித்து நிறுத்த முடியாமல், ராக்கர் முனையைத் தாண்டிப் பறந்து இறங்கும் சரிவில் வந்து விழுகிறது. பட்டறைகளில் இதை வால்வு ஃப்ளோட் என்போம். எந்தப் பக்கம் ஏறுவது, எந்தப் பக்கம் இறங்குவது என்று கேம் சுற்றும் திசையைப் பார்த்து, கழற்றுமுன்பே பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். மேசை மேல் வைத்த பிறகு யோசித்தால் குழப்பம்தான். ஏறும் சரிவின் தொடக்கத்தில் மட்டும் புள்ளிக் குழிகள் இருந்தால், இடைவெளி அதிகமாக வைக்கப்பட்டு மெல்லிய சரிவைத் தாண்டிய பிறகே ராக்கர் மோதியிருக்கிறது.

அடிவட்டம்தான் எல்லாரும் பார்க்காமல் விடும் இடம். இடைவெளி சரியாக இருந்த எஞ்சினில் அடிவட்டத்தில் ராக்கர் அழுந்தாது. அரைகுறையாக உரசிய தடம் மட்டும் இருக்கும். முழுச் சுற்றும் பளபளவென்று தேய்ந்திருந்தால் இடைவெளியே இல்லாமல் ஓடியிருக்கிறது. சத்தத்தை அடக்க யாரோ டைட் பண்ணி விட்டிருக்கிறார்கள். அந்த ஹெட்டில் வால்வு சீட்டையும் கட்டாயம் பாருங்கள்.

செதுக்கிய கேமுக்கென்று தனிச் சோதனை உண்டு. கேமின் கடினம் மேல்தோலில்தான் இருக்கிறது. லிஃப்ட் கூட்டுவதற்காக அடிவட்டத்தைச் செதுக்கும்போது அந்தத் தோல் போய்விடலாம். வெல்டிங்கால் முனையை ஏற்றிச் செதுக்கினால் வெல்டைச் சுற்றிய இடம் சூட்டில் இளகியிருக்கலாம். புது, நைஸான அரத்தின் ஓரத்தை, ராக்கர் படாத விளிம்பில் லேசாக இழுத்துப் பாருங்கள். கடினமான பரப்பில் அரம் வழுக்கும். பிடித்துச் சுரண்டினால் அந்தக் கேமைத் திரும்ப மாட்டாதீர்கள். ராக்கர் பட்டைக்கும் இதே சோதனை. டூப்ளிகேட் ராக்கர்களில் இளகிய பட்டைகளைப் பார்க்கலாம். இளகிய ராக்கர் நல்ல கேமையும் கெடுத்துவிடும்.

ராக்கரும் வால்வு நுனியும்

அடிவட்டம் சிறுத்த கேமில் ராக்கர் பழைய இடத்தில் உட்காராது. அட்ஜஸ்டர் திருகை நிறைய இறக்க வேண்டி வரும். லாக் நட்டுக்கு மேலே மிஞ்சும் மரையைப் பழைய கேமோடு ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். ராக்கரின் கோணம் மாறியதால் திருகின் முனை வால்வு நுனியின் நடுவில் தள்ளாமல் ஓரத்தில் தள்ளும். வால்வு ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் சாய்க்கப்படும். கைடு நீள்வட்டமாகத் தேயும், பிறகு ஆயில் இறங்கிப் புகை வரும்.

இதைப் பிரிக்காமலே பார்க்கலாம். வால்வு நுனியில் மார்க்கர் பேனாவால் மை தடவி, இடைவெளியைச் சரியாக வைத்து, கிராங்கைக் கையால் பல சுற்றுச் சுற்றுங்கள். மை அழிந்த பட்டை குறுகலாக, நடுவில் இருந்தால் நல்லது. அகலமாகவோ விளிம்பை ஒட்டியோ இருந்தால் கோணம் தவறு. இதற்கு மருந்து நீளமான தண்டு உள்ள வால்வு, லாஷ் கேப், அல்லது அடிவட்டத்தைக் குறைக்காமல் புதிதாகச் செய்த கேம். திருகை மாற்றுவதால் இது தீராது.

ராக்கரை ஷாஃப்டிலிருந்து உருவி, ஷாஃப்டின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவுங்கள். படி தட்டினால் ஷாஃப்டும் போய்விட்டது. கேடிஎம் 200, 390 டியூக் போன்ற இரட்டைக் கேம் எஞ்சின்களில் ராக்கருக்குப் பதிலாக விரல் வடிவ ஃபாலோயரும் ஷிம்மும் உண்டு. ஃபாலோயர் மேல் கறுப்பான கார்பன் பூச்சு இருக்கும். பூச்சு உரிந்து வெள்ளி நிறம் தெரிந்தால் எமரித் தாளால் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் மாற்றிவிடுங்கள்.

ஸ்பிரிங்: தேவைக்கு மேல் விறைப்பு வேண்டாம்

லிஃப்ட் கூட்டிய கேமுக்கு விறைப்பான ஸ்பிரிங் வேண்டும் என்பது சரி. எவ்வளவு விறைப்பு என்பதில்தான் கெடுகிறது. பழைய ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் மேல் வாஷராகப் போட்டு இறுக்குவது மலிவான வழி. அதில் உச்ச லிஃப்டில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும். முட்டிய ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே பளபளப்பான கோடுகள் தெரியும், கேம் முனையும் கூடவே சிதையும்.

அளப்பதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. டிரில்லிங் மெஷின் மேசையில் மளிகைக் கடையில் இருப்பது போன்ற எலெக்ட்ரானிக் தராசை வைத்து, மேலே ஸ்பிரிங்கை நிறுத்தி, சக்கில் மாட்டிய தட்டையான கம்பியால் அழுத்துங்கள். தராசின் தாங்கு எல்லையை முதலில் பாருங்கள். வால்வு மூடியிருக்கும் உயரத்தில் எத்தனை கிலோ, முழுதாகத் திறந்த உயரத்தில் எத்தனை கிலோ என்று இரண்டையும் எழுதி, கம்பெனி ஸ்பிரிங்கோடு ஒப்பிடுங்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு 10 முதல் 15 விழுக்காடு கூடுதல் போதும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் சுற்று எல்லையைக் குறைப்பது கேமுக்கும் செயினுக்கும் நல்லது.

உச்ச லிஃப்டில் சுருள்களின் மொத்த இடைவெளி குறைந்தது 1 மி.மீ. மிஞ்ச வேண்டும். ஸ்பிரிங் தொப்பியின் அடிக்கும் வால்வு சீலின் தலைக்கும் நடுவிலும் அவ்வளவாவது வேண்டும். சீலின் மேல் வட்டத் தழும்பு இருந்தால் தொப்பி அதை இடித்திருக்கிறது. பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு களிமண்ணை வெட்டி அளந்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள தூரம் தெரியும். இன்லெட்டில் 1.5, எக்ஸாஸ்டில் 2 மி.மீ. இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். காட்டர் லாக்குகளையும் பாருங்கள்: பழுப்பு நிறப் பொடியும் உரசல் தழும்பும் இருந்தால் வால்வு சீட்டில் விழுந்து துள்ளியிருக்கிறது, அதாவது மறுபடியும் ஃப்ளோட்.

சீட், கைடு, தூசி, சூடு

இடைவெளி குறைந்துகொண்டே வரும் எஞ்சினில் எக்ஸாஸ்ட் சீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சீட்டில் வால்வு உட்காரும் பட்டை 1 முதல் 1.5 மி.மீ. அகலத்தில் ஒரே சீராக இருக்க வேண்டும். அகன்று, குழிந்திருந்தால் வால்வு அடித்து அடித்து இறங்கியிருக்கிறது. வால்வு வெளுத்திருந்தால் கலவை மெலிந்து சூடு ஏறியிருக்கிறது.

இங்கே புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பங்குகளில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். சுத்த பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும்; இ20க்கு ஏறக்குறைய 13.5 போதும். கார்புரேட்டர் இதை அறியாது. பழைய ஜெட் அளந்து விடுவதையே விடும், கலவை தானாக மெலியும். அதற்கு மேல் ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸர், கோன் ஃபில்டர் என்று காற்றையும் கூட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு தாங்காது. மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, பிளக்கின் நிறம் பார்த்துச் சரிசெய்யாமல் சீட்டை மட்டும் வெட்டிக் கொடுப்பது வீண் வேலை.

தூசிக்குத் தனி அடையாளம் உண்டு. எண்ணெய் இல்லாமல் தேய்ந்த பரப்பு பளபளக்கும் அல்லது பிய்ந்திருக்கும். தூசியால் தேய்ந்தது மங்கிய சாம்பல் நிறத்தில், உரசும் திசையிலேயே நுண்ணிய கோடுகளோடு இருக்கும். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், கடினமாக்கிய இரும்பையும் கீறும். வலை அகன்ற மலிவான கோன் ஃபில்டர் வழியாக உள்ளே போகும் அந்தப் பொடி, முதலில் இன்லெட் வால்வின் தண்டையும் கைடையும் தேய்க்கும். பிறகு போருக்கும் ரிங்குக்கும் போய், ஆயிலில் கலந்து கேம் வரை ஏறும். ஆகவே இன்லெட் கைடு எக்ஸாஸ்ட் கைடைவிட அதிகமாக ஆடினால் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். கார்புரேட்டருக்கும் ஃபில்டருக்கும் நடுவில் உள்ள ரப்பரின் உட்புறத்தை விரலால் வழித்தால் நறநறக்கும். மேலூர், ஒத்தக்கடைப் பக்கம் ஓடும் வண்டிக்குக் கம்பெனி ஏர் பாக்ஸைத் திரும்பப் போடச் சொல்வதே சரி. அதில் இழக்கும் சக்தி மிகச் சிறிது.

கைடு மாற்றினால் சீட்டையும் வெட்டியே ஆக வேண்டும். புதுக் கைடின் மையம் பழைய சீட்டின் மையத்தோடு பொருந்தாது; லேப்பிங் பேஸ்ட்டால் தேய்த்து அதைச் சரிக்கட்டினால் பட்டை அகன்றுவிடும்.

புல்லட் வந்தால்

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் புஷ் ராட் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரெஷன் உச்சியில், புஷ் ராட் மேலும் கீழும் ஆடாமல் விரலால் சுழல வேண்டும்; அவ்வளவே இடைவெளி. ஹை கம்ப்ரெஷன் பிஸ்டனும் வேறு கேமும் போட்ட புல்லட்டில் கேம் வீல்கள் சுழலும் புஷ்களைத் தனியாகப் பாருங்கள். அந்தத் தேய்மானத்தைப் பலர் டாப்பெட் என்று நினைத்து அட்ஜஸ்ட் செய்துகொண்டே இருப்பார்கள்.

பிறகு வந்த யூசிஇ எஞ்சினில் ஹைட்ராலிக் டாப்பெட். அதில் அட்ஜஸ்ட் செய்ய எதுவும் இல்லை. தட்டினால் ஆயில் அளவு, ஆயிலின் தடிமன், ஃபில்டர், பிறகு டாப்பெட்டுக்குள் அழுக்கு என்ற வரிசையில் பாருங்கள். சுற்று எல்லையை உயர்த்திய யூசிஇயில் வால்வு ஃப்ளோட் ஆகும்போது கிடைக்கும் வெற்றிடத்தை ஹைட்ராலிக் டாப்பெட் எண்ணெயால் நிரப்பிக்கொள்ளும். வால்வு முழுதாக மூடாமல் எஞ்சின் திடீரென்று மூச்சடைக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டுச் சற்றுப் பொறுத்தால் சரியாகிவிடும். இந்த அடையாளத்தைப் பெட்ரோல் குறைபாடு என்று தவறாக எடுத்துக் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது

காரணம் கண்டு, அதைத் தீர்த்த பிறகே புதுப் பாகம். புதுக் கேமுக்குப் பழைய ராக்கரைப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே பழக வேண்டும். கேம் முனையிலும் ராக்கர் பட்டையிலும் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட் தடவுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மிதித்து, ராக்கருக்கு எண்ணெய் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டு டீ குடிக்கப் போவது கேமுக்கு மிகப் பெரிய கேடு. முனையின் மேல் அழுத்தம் அப்போதுதான் உச்சம். முதல் 15 முதல் 20 நிமிடம் 2,000க்கும் 3,500க்கும் நடுவில் சுற்றை ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். காற்றில் குளிரும் எஞ்சினை நின்ற இடத்தில் அப்படி ஓட்டினால் வெந்துவிடும். ஆகவே பெரிய ஃபேனை எதிரே வையுங்கள், அல்லது விடியற்காலையில் ரிங் ரோட்டில் மூன்றாவது, நான்காவது கியரில் லேசான பளுவோடு ஓட்டுங்கள். 100 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, வெள்ளைத் துணி சோதனையை மறுபடி செய்யுங்கள். பழகும்போது உதிரும் நுண்பொடி இருக்கும். செதிலாக எதுவும் வரக் கூடாது.

500, 1,000, 2,000 கிலோமீட்டரில் காலைக் குளிர்ச்சியில் இடைவெளியை அளந்து, வண்டியின் சர்வீஸ் அட்டையிலேயே எழுதி வையுங்கள். முதல் 500இல் 0.02 அல்லது 0.03 மி.மீ. மாறுவது பழக்கம், அதன் பிறகு அளவு நிலைக்க வேண்டும். 1,000இலிருந்து 2,000க்குள் இன்னொரு 0.03 கூடியிருந்தால் காரணம் உள்ளேயே இருக்கிறது. திருகை இறுக்கி அனுப்பாமல், வண்டியை நிறுத்தி ஸ்பிரிங்கைத் தராசில் வைத்து மறுபடி அளக்கத் தொடங்குங்கள்.